தயிர் உடைஞ்சிட்டு: ஆகுபெயர் அட்டைப் பெட்டி ஒன்றின் மதிப்பீடு

பெட்டிக்குள் 88 அட்டைகள். மேலே கிடக்கும் முதலாவது அட்டையில் "தயிர் பஸ்சுக்குள்ள உடைஞ்சிட்டு" என்று ஒரு வசனம். திருப்பினால் "தானியாகுபெயர்" என்று ஒரு சொல். இந்தத் தொகுதியின் பலமும் குறையும் அந்த ஒரு அட்டையிலேயே தெரிந்துவிடும். முன்பக்கத்தில் மட்டக்களப்பில் அன்றாடம் காதில் விழும் பேச்சு இருக்கிறது. பின்பக்கத்தில் விளக்கமே இல்லாத ஒரு பெயர் இருக்கிறது.

சாதாரண தரத் தமிழ் மொழியும் இலக்கியமும் பாடத்துக்காக, தரம் 10, 11 மாணவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட தொகுதி இது. ஆகுபெயரின் பதினாறு வகைக்கும் ஐந்தைந்தாக, வகைக்கொரு நிறத்தில் 80 அட்டைகள், எழுதிக்கொள்ள வெற்று அட்டைகள் எட்டு, நான்கு பக்கக் கையேடு ஒன்று. விலை 950 ரூபா. ஒரு பெட்டி நான்கு பேர் கொண்ட குழுவுக்குத் தாராளம். நாற்பது பேர் இருக்கும் வகுப்பென்றால் குறைந்தது மூன்று பெட்டி வேண்டும். ஒன்றை வாங்கி முன்னால் நின்று காட்டினால் பின்வரிசைக்கு எழுத்துத் தெரியாது.

ஒன்றின் பெயர், அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்குத் தொன்றுதொட்டு ஆகிவருவது ஆகுபெயர். பொருள், இடம், காலம், சினை (உறுப்பு), பண்பு, தொழில் என்ற ஆறு, எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்ற நான்கு அளவை, பிறகு சொல், தானி, கருவி, காரியம், கருத்தா (செய்தவர்) என்று நன்னூல் அடுக்குகிறது. அதில் "ஆதி" (முதலியன) என்று விட்ட இடத்துக்குள் உவமையையும் சேர்த்துப் பதினாறு என்பது பாட வழக்கு. வகுப்பறையில் வழமையாக நடப்பது, பதினாறுக்கும் ஒவ்வோர் உதாரணத்தை மனனம் செய்வது. "மல்லிகை சூடினாள்" என்றால் பொருளாகுபெயர் என்று கை தானாக எழுதும். அதே பிள்ளையிடம் "இண்டைக்கு முருங்கை சமைச்சன்" என்று கேட்டால் தடுமாறும். மல்லிகைக் கொடியின் பெயர் பூவுக்கு வந்ததுபோல முருங்கை மரத்தின் பெயர் அதன் இலைக்கோ காய்க்கோ வந்திருக்கிறது, உறவு ஒன்றேதான். மனனம் அந்த உறவைக் கற்றுக்கொடுப்பதில்லை. இந்தப் பெட்டி அதைக் கற்றுக்கொடுக்க முயல்கிறது. அதற்காகவே இதை வாங்கலாம் என்று சொல்கிறோம்.

மிக நன்றாக வந்திருப்பவை இடவாகுபெயர் அட்டைகள். "கல்முனை வந்திட்டு, ஓடி வா" என்று பஸ் நிலையத்தில் கேட்கும் குரல் ஓர் அட்டை. போய்ச் சேரும் ஊரின் பெயர் பஸ்சுக்கு ஆகியிருக்கிறது. "மகள் வந்தாறுமூலைக்கு எடுபட்டிட்டா" என்பது இன்னொன்று. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான நிறுவனத்தை இந்தப் பக்கத்தில் அதன் முழுப் பெயரால் சொல்பவர்கள் குறைவு. அது நிற்கும் ஊரின் பெயரே போதும். அம்பாறை மாவட்டத்தில் "ஒலுவில்" அதே வேலையைத் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் செய்கிறது. ஆனால் ஒலுவிலில் துறைமுகமும் இருக்கிறது. "ஒலுவில் மூடிக் கிடக்காம்" என்று மாணவர் சொன்னால் பல்கலைக்கழகம். கடற்றொழிலாளி சொன்னால் துறைமுகம். கேட்பவரும் சொல்பவரும் ஒரே உலகத்தில் இருந்தால்தான் ஆகுபெயர் வேலை செய்யும் என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது. "கொழும்பு இன்னும் சம்மதிக்கல்ல" என்ற செய்தித்தாள் வசனத்தையும் இவற்றோடு சேர்த்திருக்கிறார்கள். அங்கே ஊர் அரசாங்கமாகிறது.

கையேட்டில் இல்லாத ஒரு நுட்பத்தை இந்த இடத்தில் ஆசிரியர் சேர்த்துக்கொள்ள வேண்டும். வினைமுற்றின் விகுதியைப் பாருங்கள். "மட்டக்களப்பு வெண்டிட்டு" என்னும்போது வென்றவர்கள் விளையாட்டுக்காரர்கள், ஆனாலும் வினை அஃறிணையாகவே நிற்கிறது. சாப்பாட்டுக் கடையில் "அஞ்சாம் மேசை காசு குடுக்காமப் போயிட்டார்" என்னும்போது மேசை அஃறிணை, வினையோ உயர்திணை. குறிக்கப்படுவது ஊர், அணி, நிறுவனம் என்ற கூட்டமாக இருக்கையில் வினை பெயரோடு நிற்கும். குறிக்கப்படுவது கண்முன்னே உள்ள தனி ஆளானால் வினை அந்த ஆளோடு போய்விடும். எழுத்துத் தமிழில் திணை வழுவாமல் எழுத வேண்டிய மாணவருக்கு இது நேரடியாக உதவும். "இலங்கை வென்றார்கள்" என்று விடைத்தாளில் வரும் பிழைக்கு மருந்து இதில் இருக்கிறது.

அளவை அட்டைகளும் நல்லவை. பாண் கடையில் "ஒரு றாத்தல் தாங்க" என்றால் ஒரு பாண். றாத்தல் பழைய நிறுத்தலளவை, கிட்டத்தட்ட 454 கிராம். சீனியும் மாவும் கிலோவுக்கு மாறிய பிறகும் பாண் மட்டும் றாத்தலிலேயே நிற்கிறது. நிர்ணயிக்கப்பட்ட பாண் நிறை இன்று 450 கிராம். அளவு போய்விட்டது, பெயர் பாணோடு ஒட்டிக்கொண்டது. "ரெண்டு சுண்டு போட்டிருக்கன், காணுமா?" என்பதில் முகத்தலளவையான சுண்டு மட்டும் வருகிறது, அரிசியின் பெயரே வரவில்லை. பூக்கடையில் "மூணு முழம்" நீட்டல்.

இந்த வரிசையில் "ரெண்டு கொத்து தாங்க" என்ற அட்டைக்குப் பின்னால் "முகத்தலளவை" என்று மட்டும் அச்சிட்டிருப்பது பெரிய இழப்பு. அரிசிக் கடையில் சொன்னால் அது முகத்தலளவைதான். இரவு எட்டு மணிக்கு ரொட்டிக் கடை முன் நின்று சொன்னால் அது கொத்துரொட்டி. கொத்துதல் என்ற தொழிலின் பெயர், அதனால் உண்டான உணவுக்கு ஆகிவந்த தொழிலாகுபெயர். ஒரே வசனம், இரண்டு கடை, இரண்டு வகை. பெட்டியிலேயே சிறந்த அட்டையாக இருந்திருக்க வேண்டியது இது. பின்பக்கத்தில் பென்சிலால் "கடை எது?" என்று எழுதிவிட்டுக் கொடுங்கள்.

தொழிலாகுபெயரில் "வேளாண்மை வெட்டியாச்சு" இருப்பதைக் கண்டு மனம் நிறைந்தது. மற்ற ஊர்களில் வேளாண்மை என்றால் பயிர் செய்யும் தொழில். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அது வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், நிற்கும் நெற்பயிர். "வேளாண்மை நல்லாக் கிடக்கு", "வேளாண்மை வெள்ளத்துக்குள்ள" என்று பயிரைத்தான் சொல்வார்கள். கண்முன் நிற்கும் ஆகுபெயர் இது, ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஆகுபெயராகவே தெரியாது. பழகிப் பழகி நேர்ப்பொருள் போலாகிவிட்டது. "சுண்டல்" அட்டையிலும் இதேபோல ஒரு செய்தி உண்டு. தமிழ்நாட்டுப் பயிற்சிப் புத்தகங்களில் சுண்டல் என்றால் அவித்த கடலை. இங்கே இலைச் சுண்டலும் அந்தப் பெயருக்குள் வரும். ஒரே தொழிற்பெயர், ஊருக்கு ஊர் வேறு கறி. எந்தத் தொடர்பையும் எடுத்துப் பெயராக்கிவிட முடியாது, வழக்கில் ஊன்றியதே நிற்கும் என்பதற்காகத்தான் நன்னூல் "தொன்முறை" என்ற சொல்லை வைத்திருக்கிறது.

சினை, சொல், காரியம் மூன்றிலும் புதிதாக ஒன்றுமில்லை. "தலைக்கு ஐந்நூறு" போன்ற பழகிய உதாரணங்களே. கருவியில் "மத்தளம் கேக்குது, கூத்துத் துவங்கிட்டு" நன்று. கேட்பது மத்தளத்தின் ஒலி. கருத்தாவில் "விபுலாநந்தரைப் படிக்கிறன்" சரியான தெரிவு: 1892இல் காரைதீவில் பிறந்தவரின் பெயர், 1947இல் வெளிவந்த யாழ் நூல் முதலான அவருடைய எழுத்துக்கு ஆகிறது.

இனித் திருத்த வேண்டியவை. முதலாவது, தானி. முதல் அட்டை சரி: உடைந்தது சட்டி, சட்டிக்குள் இருக்கும் தயிரின் பெயர் சட்டிக்கு ஆகியிருக்கிறது. இடத்தில் இருக்கும் பொருள் தானி. தானியின் பெயர் இடத்துக்கு ஆனால் தானியாகுபெயர். ஆனால் அதே வண்ணக் கட்டில் "ரெண்டு சட்டி தாங்க" என்பதையும் தானி என்று போட்டிருக்கிறார்கள். இது பிழை. இங்கே கேட்பது தயிரை, சொல்வது சட்டியை, திசை தலைகீழ். சட்டி அளவாக நின்று எண்ணப்படுவதால் அதை முகத்தலளவையில் வைப்பதே பொருத்தம். "சட்டி புளிச்சுப் போச்சு" என்றால் அளவு பேச்சே இல்லை. இடத்தின் பெயர் இடத்திலுள்ள பொருளுக்கு ஆன இடவாகுபெயர். "தானி" என்ற சொல்லைப் பாத்திரம் என்று பொருள்கொண்டுவிடுவதால் இந்தத் தடுமாற்றம் வருகிறது. பரீட்சையில் புள்ளி போகும் இடங்களில் இது முன்வரிசை. ஒரு சட்டித் தயிரை மேசையில் வைத்து மூன்று வசனத்தையும் சொல்லவையுங்கள். "தயிர் உடைஞ்சிட்டு, சட்டி புளிச்சிட்டு, ரெண்டு சட்டி தாங்க." அதன்பிறகு மாறாது.

இரண்டாவது, உவமை. "காளை வந்தான்" முதலான ஐந்து அட்டைகளும் மரபுப்படி சரிதான். பாடத்திட்டத்தில் உவமையாகுபெயர் இருக்கிறது. குறை என்னவென்றால், மற்றப் பதினைந்தோடு அது எப்படி வேறுபடுகிறது என்று கையேடு ஒரு வரியும் சொல்லவில்லை. வேறுபாட்டைக் காண எளிய சோதனை உண்டு. மறைந்திருப்பதை வெளியே கொண்டுவந்து பெயரோடு சேர்த்துப் பாருங்கள். தயிர்ச் சட்டி, கல்முனை பஸ், மேசையில் இருந்தவர், றாத்தல் பாண்: எல்லாம் நேராக ஒட்டும். காளையை அப்படி ஒட்ட முடியாது. "போன்ற" தேவைப்படும், காளை போன்ற ஆள். "தேங்காய்ப் பூ" அப்படித்தான். துருவிய தேங்காய் பூவாக இருந்ததும் இல்லை, பூவுக்குப் பக்கத்தில் இருந்ததும் இல்லை, பார்க்கப் பூப்போல இருக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப் பூவும் போல என்று கிழக்கில் சொல்வதில் உவமைக்குள் இன்னோர் உவமையாகுபெயர் ஒளிந்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

"போன்ற" வந்தால் ஒப்புமை, வராவிட்டால் அண்மை. மேல்நாட்டு மொழியியலில் இவை இரண்டும் தனித்தனி அணிகள். 1956இல் மொழியியலாளர் ரோமன் யாக்கோப்சன், மூளைப் பாதிப்பால் பேச்சிழந்தவர்களைப் பற்றிய கட்டுரையில் இந்த வேறுபாட்டை முன்வைத்தார். ஒப்புமையைப் பிடிக்கும் திறன் கெட்ட நோயாளர் கத்திக்கு முள்ளுக்கரண்டியின் பெயரையும், விளக்குக்கு மேசையின் பெயரையும் சொன்னார்கள். பக்கத்துப் பொருளைப் பற்றும் திறன் அவர்களிடம் மிஞ்சியிருந்தது. மனத்துக்குள் இவை இரண்டு வேறு பாதைகள் என்பதற்கு அவர் காட்டிய சான்று அது. நம் மரபு இரண்டையும் ஒரே கூரைக்குள் வைத்தது. மாணவருக்கு அந்தக் கூரையும் தெரியட்டும், நடுவில் உள்ள சுவரும் தெரியட்டும்.

மூன்றாவது, "கறுப்புக் கண்ணாடி வந்திட்டார்" என்ற அட்டை. "கண்ணாடி வந்திட்டார்" என்று மட்டும் இருந்தால் ஆகுபெயர். "கறுப்புக் கண்ணாடி" என்று இரண்டு சொல் தொகையாகி, கறுப்புக் கண்ணாடியை உடையவர் என்று மூன்றாவது ஒருவரைக் காட்டும்போது பரீட்சை விடை அன்மொழித்தொகை. தொல்காப்பியம் ஆகுபெயர் வரிசையிலேயே இரண்டு பெயர் ஒட்டி நிற்கும் இருபெயரொட்டையும் வைத்திருப்பதால் இதை நெடுங்காலமாக விவாதித்து வந்திருக்கிறார்கள், விவாதம் நியாயமானது. ஆனால் தரம் 11 பிள்ளைக்கு விவாதத்தைக் கொடுத்து விடையைக் குழப்பக் கூடாது. இந்த அட்டையை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். இதற்காக அடையடுத்து வரும் எல்லாவற்றையும் தள்ளிவிடவும் வேண்டாம். "வெற்றிலை நட்டான்" என்பதில் "வெறு" அடைமொழி. இலை என்ற சினையின் பெயர் கொடிக்கு ஆகிறது. களுதாவளையில் வெற்றிலைத் தோட்டத்தைப் பார்த்த பிள்ளைக்கு நடுவது இலை அல்ல, கொடித் துண்டு என்று சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

பெட்டியில் இல்லாமல் நாம் தேடியவை இரண்டு. ஒன்று, பிறந்த இடத்தின் பெயர் பொருளுக்கு ஆவது. தொல்காப்பியம் "பிறந்தவழிக் கூறல்" என்று இதற்குத் தனிப் பெயரே கொடுத்திருக்கிறது. காஞ்சிபுரம் உடுத்தாள் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கைத்தறிக்குப் பேர்போன மருதமுனை பக்கத்தில் இருக்க, "மருதமுனையில ஒண்டு எடுத்துக் காட்டுங்க" என்ற துணிக்கடைப் பேச்சு எப்படி விடுபட்டது? மற்றது, அடுக்கி வரும் ஆகுபெயர். கார் என்ற நிறம் முகிலுக்கும், முகிலின் பெயர் மழைக்காலத்துக்கும், அந்தக் காலத்தின் பெயர் அப்போது விளையும் நெல்லுக்கும் ஆகி மும்மடியாகுபெயராவது மரபு உதாரணம். இதற்கு நம் வீட்டு வாசலில் கிடக்கும் உதாரணம் "பாட்டா". 1894இல், இன்றைய செக் நாட்டின் ஸ்லீன் நகரில் சப்பாத்துத் தொழில் தொடங்கிய குடும்பத்தின் பெயர் அது. குடும்பத்தின் பெயர் நிறுவனத்துக்கு, நிறுவனத்தின் பெயர் அது செய்யும் செருப்புக்கு. அதற்கும் மேலே போய் இலங்கையில் யார் செய்த இறப்பர்ச் செருப்பும் பாட்டாதான். கடைசிப் படி ஆகுபெயர் இல்லை, பொருள் விரிவு. முதல் இரண்டு படியும் கருத்தாவாகுபெயர். பரசிற்றமோலுக்குப் "பனடோல்" என்பதும் அந்தக் கடைசிப் படியில் நிற்கிறது.

பாவிக்கும் முறையைக் கையேடு சொல்வதுபோல வைத்துக்கொள்ள வேண்டாம். வகைப் பெயரை முதலில் கேட்கும்படி அது சொல்கிறது. பிள்ளைகள் ஊகிக்கத் தொடங்கிவிடுவார்கள். நாற்பது நிமிடப் பாடவேளைக்குப் பன்னிரண்டு அட்டைகள் போதும், ஒன்றுக்கு மூன்று நிமிடம். அட்டையை வாசித்ததும் முதலில் வினையைக் கேளுங்கள்: இந்த வினை இந்தப் பெயருக்கு நேராகப் பொருந்துமா? தயிர் உடையுமா, ஊர் ஓடிவருமா? பொருந்தாத இடத்தில்தான் ஆகுபெயர் இருக்கிறது. அடுத்து மறைந்ததை வெளியே சொல்லி முழு வசனமாக்கட்டும். மூன்றாவதாக, சொன்னதற்கும் கருதியதற்கும் உள்ள உறவைத் தங்கள் சொந்தச் சொல்லில் சொல்லட்டும்: "உள்ள இருக்கிறதச் சொல்லி வெளியில இருக்கிறதக் காட்டுறாங்க" என்றால் போதும். வகைப் பெயர் அதற்குப் பிறகுதான், நான்காவதாக. ஐந்தாவது படியாக, அதே பெயரை நேர்ப்பொருளில் வைத்து இன்னொரு வசனம்: "தயிர் புளிச்சிட்டு." இந்தப் படியைத் தவிர்த்தால், ஆகுபெயர் என்பது சொல்லில் ஒட்டியிருக்கும் குணம் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும், "தயிர்" என்று எங்கே கண்டாலும் தானி என்று எழுதும். வசனத்தில் நிற்கும்போதுதான் சொல் ஆகுபெயராகும்.

வினை எப்போதும் காட்டிக்கொடுக்காது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். "போத்தலத் தாங்க" என்றால் வெறும் போத்தலா, தேனா? "கொழும்பு வந்திட்டு" என்றால் கொழும்புக்குப் போகும் பஸ்சா, கொழும்பில் இருந்து வந்ததா? இப்படியான அட்டைகளில் சரியான விடை ஒரு கேள்விதான்: யார், எங்கே நின்று சொன்னது?

அச்சுத் தரம் சுமார். எழுத்துப் பெரிது, வாசிக்கலாம். அட்டையின் தடிப்புப் போதாது. வாவிக் காற்றில் ஈரம் பிடித்து ஓரம் சுருள்கிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றுக்குள் மாற்றிவிடுங்கள். பொருளுக்குச் சிவப்பும் பண்புக்குச் செம்மஞ்சளும் கொடுத்திருக்கிறார்கள். மாலை ரியூஷன் வகுப்பின் மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளலாம்.

உயர்தர மாணவருக்கு இது போதாது. அவர்களுக்கு உரையாசிரியர்களின் வாதங்கள் வேண்டும். தரம் 9க்குக் கீழே கொடுப்பதானால் பதினாறையும் இறக்காமல் இடம், அளவை, தொழில், பொருள் ஆகிய நான்கு கட்டோடு நிறுத்துங்கள்.

எட்டு வெற்று அட்டைகளையும் வெறுமையாக விட்டுவிட வேண்டாம். மேற்பூச்சு வழுக்குவதால் ஜெல் பேனை அழிந்து பூசும். பென்சிலோ போல்பொயின்ட் பேனையோ பிடிக்கும். பிள்ளைகளைச் சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் அனுப்பி, காதில் விழுந்த வசனத்தை அப்படியே, பேச்சு வழக்கைத் திருத்தாமல் எழுதிவரச் சொல்லுங்கள். தொடங்கிவைக்க ஒன்று: "சிவப்பில அஞ்சு கிலோவும் மருதமுனையில ரெண்டும் எடுத்துவைங்க, கல்முனை போறதுக்குள்ள வாறன்." ஐந்து ஆகுபெயர் இருக்கிறது, பெரும்பாலான பிள்ளைகள் மூன்றோடு நின்றுவிடுவார்கள், "அஞ்சு கிலோ"வும் "ரெண்டு"ம் கண்ணில் படாது.